பழைய வேட்டை வீடியோ கேம்கள்: எது இழுக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது?

கச்சான் (பாம்பன்)

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் எங்கள் வீட்டுப் பழைய கணினிக்கு வேலை வந்துவிடும். இந்த முறை அண்ணன் பையன்களுக்கு ‘கார்னிவோர்ஸ் 2’ போட்டுக் கொடுத்தேன். உக்ரைன் நாட்டு ஆக்‌ஷன் ஃபார்ம்ஸ் நிறுவனம் செய்து 1999இல் வெளிவந்த விளையாட்டு. வேற்றுக் கிரகம் ஒன்றில் டைனோசர்கள் வாழ்கின்றன, நீங்கள் வேட்டைக்காரராக அங்கே இறங்குகிறீர்கள். கதை அவ்வளவுதான்.

பையன்கள் கைப்பேசியில் நூறு பேர் ஒரே தீவில் சுட்டுக்கொள்ளும் விளையாட்டுகளோடு வளர்ந்தவர்கள். “சித்தப்பா, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே” என்று சின்னவன் எழுந்து போய்விட்டான். பெரியவன் மட்டும் உட்கார்ந்துவிட்டான். திரையில் காற்றின் திசையைக் காட்டும் ஊசி ஒன்று இருக்கிறது. காற்று நம் முதுகில் அடித்தால் நம் வாடை விலங்குக்குப் போய்விடும், அது ஓடிவிடும் அல்லது நம்மைத் தேடி வந்துவிடும். அவன் ஊசியைப் பார்த்துப் பார்த்து, மேட்டைச் சுற்றி, எதிர்காற்றில் போகக் கற்றுக்கொண்டான். படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு இந்த விளையாட்டுகள் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இதுதான்: ஆட்டக்காரரைச் சும்மா விட அவற்றுக்குத் துணிவு இருந்தது. பத்து நிமிடம் ஒரு விலங்கும் கண்ணில் படாது. தொலைவில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்காகக் காது தானாகத் தீட்டிக்கொள்ளும்.

ஆனால் சுட்டு முடித்த பின் ஒன்று உறுத்துகிறது. வானூர்தி ஒன்று வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போகிறது, கோப்பை அறையில் ஒரு பொம்மை கூடுகிறது, பிறகு எதுவும் இல்லை. அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அது என்ன என்று உங்களிடம் கேட்கத்தான் இந்த இணைய உரையாடல் இழை.

வடகடல் (தொண்டி)

கச்சான் தம்பிக்கு, எனக்கு வேட்டை என்றால் ‘டக் ஹண்ட்’. நின்டெண்டோ 1984இல் கொண்டுவந்தது. நம் பக்கத்துக்கு அது நகல் பெட்டிகளில்தான் வந்து சேர்ந்தது. டிவியில் மாட்டும் பெட்டி, மஞ்சள் கேசட், கூடவே ஒயருடன் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்பது பலருக்குத் தெரியாது. துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை. திரையிலிருந்துதான் துப்பாக்கிக்கு ஒளி வருகிறது. விசையை இழுத்ததும் திரை கண்ணிமைக்கும் நேரம் முழுக்கக் கறுக்கும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றி மறையும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளியுணரி முதலில் கறுப்பையும் அதன் பின் வெள்ளையையும் கண்டால் அடி விழுந்ததாகக் கணக்கு. கறுப்பு முதலில் வர வேண்டும் என்பதால் துப்பாக்கியை விளக்குக்கு நேரே பிடித்து ஏமாற்ற முடியாது. இரண்டு வாத்து பறந்தால் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி எது விழுந்தது என்று பிரித்துக்கொள்ளும். அந்தக் காலத்து மின்னணுவியலில் இதைச் செய்தவர்களை நான் இன்றும் மதிக்கிறேன். பிக்சர் டியூப் உள்ள டிவியில் மட்டுமே இது நடக்கும். இன்றைய தட்டை டிவி படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுகிறது, அந்தத் தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒற்றை வாத்து ஆட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் ஜாய்ஸ்டிக்கை எடுத்து வாத்தை ஓட்டலாம். எங்கள் வீட்டில் தங்கை வாத்து, நான் வேட்டைக்காரன். புல்லை ஒட்டித் தாழப் பறந்து, நான் குறி வைக்கும்போது சட்டென்று மேலே திருப்புவாள். கணினி ஓட்டிய எந்த வாத்தும் என்னை அவ்வளவு அலைக்கழித்ததில்லை.

என்றாலும் ‘டக் ஹண்ட்’டை வேட்டை என்று சொல்ல மாட்டேன். அது குறி பார்க்கும் ஆட்டம். மூன்று குண்டு, ஒரு வாத்து. அது எங்கிருந்து வருகிறது, எதற்குப் பறக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை.

உப்பளம் (வாலிநோக்கம்)

நீங்கள் எல்லாரும் அன்போடு நினைவுகூர்வதைப் பார்க்கிறேன். என் கருத்து வேறு. உயிரைக் கொல்வதைப் பொழுதுபோக்காக்கிப் பிள்ளை கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் மகளுக்கு இவற்றைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். போர் விளையாட்டிலாவது எதிரில் நிற்பவனும் சுடுகிறான். வாத்து என்ன செய்தது?

கண்டல் (காரங்காடு)

உப்பளம் அண்ணனின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பறவை பார்ப்பவள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், மேலச்செல்வனூர் என்று நம் மாவட்டத்துக் கண்மாய்களில் குளிர்காலம் முழுக்கச் சுற்றுகிறேன். எப்படி அசையாமல் உட்கார்வது, வெயிலை எந்தத் தோளில் வைத்துக்கொள்வது, ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பறவை முதலில் தலை தூக்கினால் என்ன பொருள் என்பதையெல்லாம் பொறுமையாகக் கவனிக்கும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாட்களில் ஒரு பிரவுசிங் சென்டரில் ‘கார்னிவோர்ஸ்’ விளையாடியபோது வந்தது. கதையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அங்கிருந்துதான் வந்தது.

அந்த விளையாட்டில் பலர் தொடாத ஒரு வசதி உண்டு, பார்வையாளர் முறை. துப்பாக்கி இல்லாமல் இறங்கிக் காடெல்லாம் சுற்றலாம், ஒன்றும் நம்மைத் தாக்காது. மயக்க ஊசி போட்டுப் பிடிக்கும் வசதியும் உண்டு. ரேடாரும் உருமறைப்பு உடையும் எடுத்துக்கொண்டு போனால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். விலங்கைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், அதற்குத்தான் மதிப்பு என்பதைச் செய்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் பார்வையாளர் முறையில் அரை மணி நேரம் சுற்றினால் உண்மை தெரிந்துவிடும். அந்த விலங்குகளுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. குட்டி இல்லை, இணை இல்லை, சண்டை இல்லை. நம் வரவுக்காகவே நடமாடுகின்றன. மேலச்செல்வனூர்க் கண்மாயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்வதையும், சேற்றுப் பருந்து தாழ வந்ததும் கண்மாய் முழுவதும் எழும்புவதையும் பார்க்கலாம். நாம் அங்கே இல்லாவிட்டாலும் அது நடக்கும். கச்சான், உங்களுக்கு உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

சங்குமால் (ராமேஸ்வரம்)

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். கண்டல் அக்கா சொன்னதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

விலங்கைத் திரையில் காட்டாமலே வேட்டையை நடத்திய விளையாட்டு ஒன்று 1973இலேயே வந்துவிட்டது: கிரெகரி யோப் எழுதிய ‘ஹன்ட் த வம்பஸ்’. படமே கிடையாது, எழுத்து மட்டும். 20 குகைகள், ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று வழிகள். எங்கோ ஒரு குகையில் வம்பஸ் என்ற மிருகம். பக்கத்துக் குகைக்கு வந்துவிட்டால் ‘வம்பஸின் வாடை வருகிறது’ என்று ஒரு வரி காட்டும். பாதாளக் குழி அருகில் இருந்தால் காற்று வீசுவதாக ஒரு வரி. கையில் ஐந்து அம்பு. இந்த வரிகளை வைத்தே மிருகம் எங்கே என்று ஊகிக்க வேண்டும். அம்பு தவறினால் அது விழித்துக்கொண்டு இடம் மாறலாம். வேட்டையின் உயிர் நாடி ஊகம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பிறகு 1997இல் ‘டீர் ஹன்ட்டர்’ வந்தது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் மலிவு விலையில் அடுக்கி விற்றார்கள். விமர்சகர்கள் மதிக்கவில்லை, மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கணினி விளையாட்டே வாங்காத ஒரு கூட்டம் அதை வாங்கியது. மான் வேட்டைக்குப் போகும் பழக்கமுள்ளவர்களுக்குத் தாங்கள் அறிந்த உலகம் திரையில் கிடைத்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே கொம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெருமை. அதற்கு அப்பால் மானைப் பற்றி அந்த விளையாட்டுக்கு அக்கறை கிடையாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ‘ஓரிகன் டிரெயில்’ பற்றி. 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டிகளில் அமெரிக்கச் சமவெளியைக் கடந்து மேற்கே குடியேறப் போனவர்களின் பயணம் அது, பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது. 1971இல் எழுத்து வடிவில் வந்தபோது வேட்டை என்பது ‘பேங்க்’ (BANG, துப்பாக்கிச் சத்தம்) என்ற சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்வது மட்டும். 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் காட்டெருமைகளைத் திரையிலேயே சுடலாம். எத்தனை சுட்டாலும் வண்டிக்குச் சுமந்து வர முடிந்தது 100 பவுண்டு இறைச்சிதான். மீதி அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் சுட்டுத் தள்ளிவிட்டு அந்த எண்ணைப் பார்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சமவெளியில் காட்டெருமை மந்தைகளுக்கு நேர்ந்ததும் அதுதான். பிந்தைய பதிப்புகளில் ஒரே இடத்தில் அளவுக்கு மீறி வேட்டையாடினால் விலங்குகள் அரிதாகிவிடும் என்ற விதியும் சேர்ந்தது.

ஆக, இது தொழில்நுட்பத்தின் எல்லை அல்ல. பழைய கணினிக்குள் எண்ணிக்கையைக் குறைக்கும் ஒரு கணக்கு எளிதாகவே அடங்கும். செய்தவர்கள் அதைக் கேட்க நினைக்கவில்லை. காடு எப்போதும் நிறைந்தே இருக்கும் என்பது அவர்கள் யோசிக்காமலே எடுத்துக்கொண்ட முடிவு.

முத்துச்சலாபம் (கீழக்கரை)

இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. பேரன் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வேட்டையைப் பற்றித் தெரியும்.

எங்கள் கரையில் ஒரு காலத்தில் ஆவுளியா பிடித்தார்கள். கடல் பசு என்று இப்போது பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்களே, அதுதான். இறைச்சிக்கு நல்ல விலை கிடைத்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் பழக்கம் ஒரே நாளில் நிற்கவில்லை. ஆவுளியா கடற்புல் மேயும் பிராணி. மூச்சு விட மேலே வரும். சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல். போடுவது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். குட்டி தாயை ஒட்டியே நீந்தும். இப்படிப்பட்ட உயிரை நாம் பிடித்த வேகத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட யாரும் உட்காரவில்லை. வருகிற வரை வரும் என்று நினைத்தார்கள். கடல் பெரியது என்ற எண்ணம்.

பேரனுடைய விளையாட்டில் நான் கண்டது அந்த எண்ணத்தைத்தான். பிடித்துவிட்டு மறுபடி தொடங்கினால் எல்லாம் பழைய இடத்தில் நிற்கின்றன. எங்கள் மனத்தில் இருந்த கடலும் அதுவேதான்.

கடல் அட்டையையும் சொல்ல வேண்டும். 2001இல் முழுத் தடை வந்தது. கடலில் மூழ்கி அட்டை எடுத்து, அதாவது குளித்து, பிழைத்த குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை, அது நியாயமான மனக்குறை என்றே நான் நினைக்கிறேன். தடை போட்டவர்கள் குளிப்பவனிடம் எந்த மாதத்தில், எந்த அளவில் எடுக்கலாம் என்று முதலில் கேட்டிருக்கலாம். சங்கில் அந்த ஒழுங்கு இருந்தது. குறித்த அளவுக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. நீங்கள் சொல்லும் மான் வேட்டையில் பெரியதைக் கொன்றால் பெருமை என்கிறீர்கள். இங்கே சின்னதை விட்டவன்தான் தொழில் தெரிந்தவன்.

இன்னொன்றும் விளையாட்டில் இல்லை. பிடித்து வந்த பிறகுதான் எங்களுக்குப் பாதி வேலை. யாருக்குப் பங்கு, படகுக்கு எவ்வளவு, வியாபாரி என்ன விலை சொல்கிறான், கடன் எவ்வளவு கழிந்தது. ஒரு உயிரை ஏன் பிடித்தோம் என்பதற்கு விடை இந்தப் பக்கத்தில் இருக்கிறது. பேரன் விளையாட்டில் பசியே இல்லை. பசி இல்லாதவன் எதற்காகக் கொல்கிறான் என்று உப்பளம் கேட்டதும் இதைத்தானே?

உப்பளம் (வாலிநோக்கம்)

ஆமாம் காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்). நான் கேட்க நினைத்ததை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

கச்சான் (பாம்பன்)

காக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சங்கு பற்றிய இடத்தில் தலையை ஆட்டினார்.

விவாதத்துக்காக மறுபக்கமும் சொல்கிறேன். பங்கு, விலை, கடன் எல்லாம் சேர்த்தால் அது வேட்டை விளையாட்டாக இருக்குமா, பாடமாகிவிடுமா? பெரியவன் எதிர்காற்றில் ஊர்ந்து போகும்போது அவன் முகத்தில் இருக்கும் கூர்மையைக் கணக்குப் புத்தகம் கொண்டுவராது. புதிய விளையாட்டுகள் ஓரளவு முயன்றிருக்கின்றன. 2017இல் வந்த ‘தி ஹன்ட்டர்: கால் ஆஃப் த வைல்ட்’ என்ற விளையாட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொன்றால் வேட்டை அழுத்தம் ஏறி, விலங்குகள் அங்கே தண்ணீர் குடிக்கவும் மேயவும் வருவதை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் என் கணினியில் அது ஓடாது. மேலும் அதன் காடு அவ்வளவு அழகாக இருக்கிறதாம், வீடியோவில் பார்க்கும்போது எனக்கு ஊகிக்க எதுவும் மிஞ்சவில்லை. ‘கார்னிவோர்ஸ்’ மூடுபனிக்குள் மரம் எங்கே முடிகிறது, விலங்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பழைய கணினியின் இயலாமையால் வந்த மூடுபனிதான் அது. இருந்தாலும் அச்சத்தைக் கொடுத்தது அதுதான். டைரனோசரஸ் வந்தால் கண்ணில் சுட வேண்டும், வேறெங்கே பட்டாலும் சாகாது. மூடுபனிக்குள்ளிருந்து அது வெளியே வரும்போது அந்தக் கண்ணைத் தேட எவ்வளவு நேரம் இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

வடகடல் (தொண்டி)

மூடுபனி பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. படம் தெளிவடையத் தெளிவடைய வேட்டை மங்கிவிட்டது.

கண்டல் (காரங்காடு)

கச்சான், கூர்மையும் கணக்கும் சேராது என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? பறவைக் கணக்கெடுப்பில் நாங்கள் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டத்தை எண்ணும்போது பாதியில் எழும்பிவிட்டால் அன்றைய வேலை போயிற்று. போன ஆண்டு எண்ணிக்கை நமக்குத் தெரியும் என்பதால்தான் இந்த ஆண்டு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எண் குறையும் என்று தெரிந்த விளையாட்டில் ஒவ்வொரு அம்பும் கூடுதல் கனமாகத்தான் இருக்கும்.

சங்குமால் (ராமேஸ்வரம்)

அக்கா சொன்ன அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நேற்று இரவு உட்கார்ந்தேன். ‘வம்பஸ்’ மாதிரி எழுத்து மட்டுமே உள்ள சின்ன விளையாட்டு. குகைகளுக்குப் பதில் 20 கடற்பகுதிகள், பாதி வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கம்), பாதி தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்). ஆட்டக்காரர் பழைய காலத்து வள்ளக்காரர். ‘கடற்புல் கடித்த தடம் தெரிகிறது’, ‘மூச்சுச் சத்தம் கேட்கிறது’ என்று வரிகள் வரும். பிடிக்கலாம், விட்டுவிடலாம். பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியும், கடன் குறையும். விட்டால் குட்டி போட வாய்ப்பு உண்டு, ஆனால் ஆண்டுகள் ஆகும். காக்கா சொன்ன சினைக்காலமும் இடைவெளியும் அப்படியே உள்ளே போயிருக்கின்றன. மற்ற மீன்பாடும் உண்டு, அதில் வருமானம் குறைவு.

சோதித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுப் பிடித்தால் சில பருவங்களிலேயே வரிகள் வருவது நின்றுவிடுகிறது. திரை ‘ஒன்றும் இல்லை’, ‘ஒன்றும் இல்லை’ என்றே சொல்கிறது. ஒரு பிரச்சினைதான் தீரவில்லை. ‘புதிதாகத் தொடங்கு’ என்ற பொத்தானை வைப்பதா, வேண்டாமா? வைத்தால் காக்கா கண்ட குறை திரும்ப வந்துவிடும். வைக்காவிட்டால் ஒருமுறை கெடுத்தவர் இரண்டாம் முறை விளையாட முடியாது.

வடகடல் (தொண்டி)

கேசட் காலத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தொடங்கும் பொத்தான் இல்லாத விளையாட்டை யாரும் நண்பருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

கண்டல் (காரங்காடு)

பொத்தான் இருக்கட்டும். அதை அழுத்தினால் முந்தைய ஆட்டக்காரரின் மகனாகவோ மகளாகவோ தொடங்கட்டும். கடல் மட்டும் அவர் விட்டுப்போன நிலையிலேயே இருக்கட்டும்.

சங்குமால் (ராமேஸ்வரம்)

அக்கா, இது நடக்கும். கோப்பில் ஓர் எண்ணைச் சேமித்தால் போதும். ஒரே கணினியில் அண்ணன் விளையாடிய கடலில் தம்பி இறங்குவான்.

உப்பளம் (வாலிநோக்கம்)

இப்படி அமைந்தால் என் மகளுக்குக் கொடுப்பேன். பெண் பிள்ளைகள் வள்ளத்தில் ஏறும்படியும் வையுங்கள். பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகும் பெண்களுக்கு இந்தக் கடல் நன்றாகவே தெரியும். பிடிப்பதா விடுவதா என்று அவளே முடிவெடுக்கட்டும்.

கச்சான் (பாம்பன்)

சங்குமால் தம்பி, எழுத்து விளையாட்டு என் கணினியிலும் ஓடும். முதல் சோதனை எங்கள் வீட்டில் நடக்கட்டும். சின்னவனையும் உட்கார வைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், காற்றை விட்டுவிடாதே.

சங்குமால் (ராமேஸ்வரம்)

காற்றுக்கு எனக்குக் காக்காவின் உதவி வேண்டும். எந்த மாதம் எந்தக் கடல் என்பதைச் சரியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாம்பனில் யாரும் விளையாட்டை நம்ப மாட்டார்கள்.

முத்துச்சலாபம் (கீழக்கரை)

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கும், வள்ளத்தை வடகடல் பக்கம் கொண்டுபோக வேண்டும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடல் இடம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே காற்று ஓயும் நாட்கள் உண்டு. தண்ணீர் தெளிந்து தரை தெரியும். மூச்சு விட மேலே வரும் ஆவுளியாவைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம், அதனால் பிடிப்பதும் அப்போதுதான் சுலபம். உங்கள் விளையாட்டில் ஆட்டக்காரர் தவறு செய்வது பெரும்பாலும் அந்த நாட்களில்தான் இருக்கும். அங்கே கடனையும் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.